1920களுக்கு ‘ரோரிங் ட்வென்டீஸ்’ என்ற பெயர் பொருந்துமா?

1920களின் அமெரிக்காவை ஹாலிவுட் படங்களில் பார்த்திருப்பீர்கள். ஜாஸ் இசை, மினுமினுக்கும் உடைகள், விடிய விடிய பார்ட்டி. அந்தப் பத்தாண்டுக்கு ‘ரோரிங் ட்வென்டீஸ்’ என்று பெயர். தமிழில் ‘முழங்கும் இருபதுகள்’ எனலாம். ஆனால் முழங்கியது யாருக்கு? தரவுகளைப் பார்ப்போம்.

பெயருக்கு ஆதாரம் இருக்கா?

நிச்சயமா இருக்கு. 1920இல் அமெரிக்காவில் பதிவான பயணிகள் கார்கள் சுமார் 81 லட்சம். 1929இல் அது 2.3 கோடியானது. ஃபோர்டு நிறுவனத்தின் ‘மாடல் டி’ கார் 1908இல் அறிமுகமானபோது விலை 850 டாலர். 1925 வாக்கில் அதன் மலிவான வகை 260 டாலருக்குக் கிடைத்தது. 1920இல் பெண்களின் வாக்குரிமை அரசியல் சாசனத்தில் இடம்பெற்றது. 1930 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது பத்தில் நான்கு வீடுகளில் ரேடியோ இருந்தது.

அப்போ சிக்கல் எங்கே?

உங்கள் டீமில் ஒருவருக்கு மட்டும் பெரிய ஹைக் கிடைத்தால் டீமின் சராசரிச் சம்பளம் ஏறும். உங்க பே ஸ்லிப் மாறாது. பத்தாண்டுகளின் பெயர்களும் பல நேரம் இப்படித்தான்.

அன்றைய அமெரிக்கர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் பண்ணைகளில் வாழ்ந்தார். முதல் உலகப்போர் முடிந்ததும் விளைபொருள் விலை சரிந்தது. போர்க்காலத்தில் வாங்கிய கடன் அப்படியே நின்றது. 1921 முதல் 1929 வரை 5,000க்கும் மேற்பட்ட வங்கிகள் மூடப்பட்டன. இவற்றில் பெரும்பாலானவை சிறிய, கிராமப்புற வங்கிகள். 1930இல்கூட பத்தில் ஒரு பண்ணைக்குத்தான் மின்சாரம் இருந்தது.

கறுப்பினத்தவருக்கு? 1921இல் ஓக்லஹோமா மாகாணத்தின் துல்சா நகரில் வெள்ளையர் கும்பல் அவர்களின் குடியிருப்பைத் தாக்கி, 1,000க்கும் மேற்பட்ட வீடுகளை எரித்தது.

இந்தியர்களுக்கு? பஞ்சாபில் பிறந்த பகத் சிங் திண்ட், முதல் உலகப்போரின்போது அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றியவர். அவர் சட்டப்படி ‘வெள்ளையர்’ அல்ல, எனவே குடியுரிமை பெற முடியாது என்று 1923இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர்கள் பலரிடமிருந்தும் அது பறிக்கப்பட்டது. இந்தியர்களுக்குக் குடியுரிமைக் கதவு சட்டப்படி திறக்க 1946 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பத்தாண்டு என்றால் சரியாகப் பத்து ஆண்டுகளா?

இல்லை. 1920–21இல் அமெரிக்கா கடும் பொருளாதார மந்தநிலையில் இருந்தது. 1929 அக்டோபரில் பங்குச்சந்தை சரிந்தது. ஆக, ‘முழக்கம்’ கேட்டது ஏழு, எட்டு ஆண்டுகள்தான்.

வேறு பெயர் வைக்கலாமா?

‘ஜாஸ் யுகம்’ என்ற பெயரும் உண்டு. எழுத்தாளர் எஃப். ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டின் 1922ஆம் ஆண்டு சிறுகதைத் தொகுப்பின் தலைப்பால் அது பிரபலமானது. ஜாஸை உருவாக்கியவர்கள் கறுப்பினக் கலைஞர்கள் என்பதால், அவர்களின் பங்களிப்பை இந்தப் பெயர் நினைவூட்டுகிறது. ஆனால் விவசாயிகள் இதிலும் இல்லை. ‘மதுவிலக்குக் காலம்’ என்பது நாடு முழுவதற்கும் பொருந்தும். ஆனால் மதுவிலக்கு 1933 வரை நீடித்தது, இருபதுகளோடு முடியவில்லை.

முதல் பெயர் பணத்தையும் உற்சாகத்தையும் சொல்கிறது, இரண்டாவது கலையை, மூன்றாவது சட்டத்தை. எது ‘சரி’ என்பது நீங்கள் எதைச் சொல்ல வருகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நகரங்களின் 1922–29 வளர்ச்சியைப் பற்றிப் பேசினால் ‘ரோரிங்’ பொருந்தும். நாடு முழுவதையும் குறிக்க ஒரே பெயர் வேண்டுமென்றால், என் தேர்வு ‘இரு வேக இருபதுகள்’. ஒரே சாலையில் சிலர் காரில் போனார்கள், பலர் நடந்தார்கள்.

இது இப்போ எதுக்கு?

கொரோனா பொதுமுடக்கத்துக்குப் பிறகு, 2020களும் ‘ரோரிங்’ ஆகும் என்று அமெரிக்க ஊடகங்களில் பேச்சு எழுந்தது. இனி எந்தக் காலத்துக்காவது இப்படி ஒரு பெயரைக் கேட்டால் மூன்று கேள்விகள் கேளுங்கள். பெயர் வைத்தது யார்? அது எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை உண்மை? அந்தக் கணக்கில் சேராதவர்கள் எத்தனை பேர்?

மூன்றாவது கேள்விக்கான பதிலில், 1923இல் திண்ட் இருந்தார்.