மலாயாவை எழுதிய இரு பெண்மணிகள்



பத்தொன்பதாம் நூற்றாண்டு மலாயாவின் வரலாற்றை நாம் பெரும்பாலும் ஆங்கிலேய அதிகாரிகளின் குறிப்புகள் வழியாகவே கற்றோம், கற்பித்தும் வருகின்றோம். அதே காலத்தில் இந்நாட்டின் வாழ்வையும் இயற்கையையும் சமுதாயத்தையும் பற்றி இரு ஆங்கிலேயப் பெண்மணிகள் எழுதிய நூல்கள் உள்ளன. இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தல் நன்று.

முதலாமவர் இசபெல்லா பெர்ட் (1831-1904). 1879-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மலாக்கா, சுங்கை ஊஜோங், சிலாங்கூர், பேராக் ஆகிய இடங்களைச் சில வாரங்களில் சுற்றிப் பார்த்தார். தம் தங்கைக்கு எழுதிய கடிதங்களை 1883-இல் நூலாக்கி, இந்நாட்டைப் 'பொன் தீபகற்பம்' என அழைத்தார். காட்டின் செழுமையும், பேராக்கில் யானை மீதேறிச் சென்ற பயணமும், கோலகங்சாரில் ரெசிடெண்ட் ஹியூ லோ வளர்த்த இரு குரங்குகளோடு ஒரே மேசையில் உணவருந்தியதும் அந்நூலில் சுவையாக விவரிக்கப்பட்டுள்ளன.

இரண்டாமவர் எமிலி இன்னஸ். 1876 முதல் 1882 வரை, முதலில் லங்காட்டிலும் பின்னர்ப் பேராக்கின் டுரியான் செபாத்தாங்கிலும், கீழ்நிலை அதிகாரியான தம் கணவருடன் வாழ்ந்தவர். சேறு, கொசு, அத்தாப்புக் கூரை வீடு, பேச்சுத் துணையற்ற தனிமை ஆகியவையே அவர் கண்ட மலாயா. 1878-இல் பங்கோர் தீவில் கேப்டன் லாய்ட் கொல்லப்பட்ட இரவில், அவ்வீட்டில் விருந்தினராக இருந்து உயிர் தப்பினார். கடனடிமை முறை தொடர்பாக மேலதிகாரியுடன் ஏற்பட்ட கருத்து வேறுபாடு, 1882-இல் அவர் கணவர் பதவி விலகிய காரணங்களுள் ஒன்று. 1885-இல் எமிலி வெளியிட்ட நூலின் தலைப்பு 'பொன்முலாம் நீங்கிய தீபகற்பம்' எனப் பொருள்படும். தலைப்பே பெர்ட்டுக்கு அளித்த மறுமொழியன்றோ!

ஆயினும், பெர்ட் பொய்யுரைத்தார் என எமிலி கூறவில்லை. இரு நூல்களும் உண்மையே என்பதுதான் அவர் கருத்து. அதிகாரிகள் வரவேற்று உபசரித்த விருந்தினர் ஒருவர். மாற்றல் உத்தரவுக்குக் கட்டுப்பட்டு அங்கேயே வாழ்ந்தவர் மற்றவர். ஆகவே அவர்கள் கண்ட நாடும் வேறாயிற்று.

இவ்விடத்தில் நம்மவரையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். சிங்கப்பூரில் கண்ட தமிழரின் தோற்றப் பொலிவை, அக்கால வழக்கப்படி 'கிளிங்' என்றே குறிப்பிட்டு, பெர்ட் வியந்து எழுதினார். ஆனால் அக்காலத்தில் கப்பலேறி வந்து தோட்டங்களில் உழைத்த நம் பெண்கள் இந்தக் காட்டையும் மழையையும் எவ்வாறு கண்டனர்? எமிலிக்குக் குறைகளை எழுதிவைக்கக் கல்வியும், அதனை அச்சிடப் பதிப்பாளரும் வாய்த்தனர். நம் பாட்டிமார்க்கு அவ்விரண்டும் வாய்க்கவில்லை.

எனவே ஆசிரிய நண்பர்களே, ஒரு வரலாற்றுக் குறிப்பைப் படிக்கும்போது, அதனை எழுதியவர் யார், எந்நிலையில் இருந்து எழுதினார் என வினவ மாணவர்களைப் பழக்குவோம். வீட்டில் முதியோர் இருப்பின், அவர்தம் தோட்ட வாழ்க்கை நினைவுகளை ஓர் ஏட்டில் எழுதி வருமாறும் பணிப்போம். அவ்வேடுகளும் நம் வரலாற்று நூல்களே.