‘இன்னொரு தரம் சொல்லுங்க’

எங்க ஊர் கணியம்பாடின்னு சொன்னா, வெளியூர்க்காரங்க பாதிப் பேருக்கு வாணியம்பாடின்னுதான் காதுல விழும். அது ஆம்பூர் தாண்டி, பெங்களூரு ரோட்டில் இருக்கு. நாங்க வேலூருக்குத் தெற்கே, திருவண்ணாமலை ரோட்டில். ஆனால் கவிதைன்னு பேச்சு வந்தால் அந்தத் தோல் பதனிடும் ஊரைத் தள்ளிவிட முடியாது.

1959-இல் சி.சு. செல்லப்பா ‘எழுத்து’ தொடங்கிய பிறகு புதுக்கவிதை சிற்றிதழில் வளர்ந்தது. தனியாக உட்கார்ந்து, திரும்பத் திரும்ப வாசிக்க வேண்டிய எழுத்து அது. இன்னொரு பக்கம் கவியரங்கம். கட்சி மாநாட்டுப் பந்தலிலும், பொங்கல் தீபாவளிக்கு வானொலியிலும் எதுகை மோனையோடு முழங்கியது. சிற்றிதழ்க்காரர்களுக்கு அந்த மேடை என்றாலே இளக்காரம். முழுக்கத் தப்பென்றும் சொல்ல முடியாது.

வாணியம்பாடியில் மூன்றாவதாக ஒன்று ஏற்கெனவே இருந்தது: உருது முஷாயிரா. வீட்டில் உருது, கடைத்தெருவில் தமிழ் என்று வாழும் ஊர். தோல் வியாபாரிகளும் கவிதை கேட்க உட்காருவார்கள். ராத்திரியில் ஆரம்பித்தால் எப்போது முடியும் என்று சொல்ல முடியாது. கஜலின் ஒவ்வொரு கண்ணியும் இரண்டே அடி, தனியாகவே நிற்கும். கவிஞர் முதல் அடியைச் சொல்லி நிறுத்துவார். கூட்டம் அதைத் திருப்பிச் சொல்லும். அவர் மறுபடியும் அதே அடியைச் சொல்லி, எல்லாரையும் காக்க வைத்துவிட்டு, அப்புறம்தான் இரண்டாம் அடியை இறக்குவார். பிடித்துவிட்டால் ‘முகர்ரர்’ என்று குரல் வரும். இன்னொரு தரம் சொல்லுங்க என்று அர்த்தம்.

இதைச் சும்மா சடங்கு என்று நினைக்கக்கூடாது. பக்கத்தைத் திருப்பி மறுபடி படிக்கிற வாசகனுக்கு உள்ள வசதியைக் கேட்பவனுக்கும் கொடுக்கும் ஏற்பாடு இது. கடினமான வரிகூட இரண்டாம் முறையில் பிடிபடும்.

1919-இல் தொடங்கிய அந்த ஊர் இஸ்லாமியாக் கல்லூரிக்கு 1961-இல் தமிழ் கற்பிக்க வந்தார் அப்துல் ரகுமான். மதுரைக்காரர், அப்பாவும் தாத்தாவும் உருதுக் கவிஞர்கள். ஏறக்குறைய முப்பது வருஷம் அங்கேயே இருந்தார். 1974-இல் வந்த ‘பால்வீதி’ லேசான புத்தகம் இல்லை. குறியீடும் மீமெய்யியலும் அடர்ந்தது. நிதானமாகப் படித்தாலே நழுவும். அதே ஆள்தான் தமிழ்க் கவியரங்க மேடைகளின் நட்சத்திரமும்! கஜலையும் ஹைக்கூவையும் தமிழ்க் காதுக்குப் பழக்கியவர்களில் அவர் முக்கியமானவர். சுருக்கமாக, ஒரு மூச்சில் நிற்கிற வடிவங்கள்மேல் அவருக்கு இருந்த பிடிப்புக்கு முஷாயிராவே காரணம் என்றுதான் எனக்குப் படுகிறது.

மேடைக்கு விலையும் கொடுத்தார். கைதட்டலுக்காகவே திருகிய சிலேடைகள், தலைவர் புகழ்ச்சிகள் எல்லாம் இருக்கின்றன. அவற்றை இன்று புத்தகத்தில் படிக்க எனக்குப் பொறுமை இல்லை. ஆனால் ‘பால்வீதி’யைத் தேடிப் போன பலருக்கு வழி காட்டியதும் அதே மேடைதான். 1999-இல் ‘ஆலாபனை’க்குச் சாகித்ய அகாதமி விருது கிடைத்தபோது, மேடையை இகழ்ந்தவர்கள்கூட அவரைக் கணக்கில் எடுக்க வேண்டியிருந்தது.

2017 ஜூனில் அவர் காலமானார். கஜல் தமிழில் தங்கிவிட்டது. இளைஞர்கள் எழுதுகிறார்கள், ரீல்ஸிலும் வாசிக்கிறார்கள். ஆனால் அதோடு வந்திருக்க வேண்டிய ‘முகர்ரர்’ மட்டும் வரவில்லை. நம்ம அரங்குகளில் கவிஞர் கொஞ்சம் நீட்டினால், தலைமை தாங்குகிறவர் மணியடிக்கிறார்.