நடமாடும் வணிகரும் சட்டமும்: இங்கிலாந்தின் அனுபவம்

வணிக வரலாறு பெரும்பாலும் துறைமுகங்களையும் பெருங்கம்பனிகளையும் மையமாகக் கொண்டே எழுதப்பட்டு வந்துள்ளது. மூட்டையைத் தோளிற் சுமந்து ஊர்தோறும் சென்ற சிறுவணிகன் அவ்வரலாற்றில் அரிதாகவே இடம்பெறுகிறான். ஆயின் சட்ட ஏடுகளில் அவன் அடிக்கடி தோன்றுகிறான். சட்டம் அவனை எவ்வாறு நோக்கியது, அந்நோக்கு யாருடைய நலனைச் சார்ந்திருந்தது என்பனவற்றை இங்கிலாந்தின் வரலாற்றினூடாக ஆராய முற்படுகிறோம்.

நிலமிழந்த மக்கள் பிழைப்புத் தேடி அலைந்த 16ஆம் நூற்றாண்டில், ஓரிடத்தில் நிலைகொள்ளாத எவனும் ஆட்சியாளரின் ஐயத்துக்குரியவனானான். 1552ஆம் ஆண்டுச் சட்டம், சமாதான நீதவான்கள் இருவரின் அனுமதியின்றி இவ்வணிகர் ஊர்விட்டு ஊர் செல்வதைத் தடுத்தது. 1597ஆம் ஆண்டுச் சட்டமோ அலைந்து திரியும் சிறுவணிகரைப் போக்கிரிகளோடு ஒருங்குவைத்து எண்ணியது. பிடிபட்டோர் சவுக்கடி பெற்றுப் பிறந்த ஊருக்கு அனுப்பப்பட்டனர். விற்றலன்று, அலைதலே குற்றமாயிற்று.

1697இல் இந்நோக்கில் ஒரு மாற்றம் ஏற்பட்டது. அயர்லாந்துப் போரின் போக்குவரத்துக் கடனுக்கு வட்டி செலுத்த அரசுக்குப் பணம் தேவைப்பட்டது. நடந்து செல்லும் வணிகன் ஆண்டுக்கு 4 பவுணும், பொதிவிலங்கு ஒவ்வொன்றுக்கும் மேலும் 4 பவுணும் செலுத்தி உரிமம் பெறவேண்டுமென விதிக்கப்பட்டது. தாமே செய்த பொருளை விற்போரும், மீன், பழம் முதலிய உணவுப்பொருள் விற்போரும் விலக்களிக்கப்பட்டனர். நேற்றைய போக்கிரி இன்று இறைவரி செலுத்துபவனானான்.

எனினும் கடைக்காரர் அமைதியடையவில்லை. 1785இல் பிரதமர் பிற் கடைகள்மீது வரி விதித்தபோது, அவர்களை ஆற்றுப்படுத்தும் வகையில், நடமாடும் வணிகத்தை ஒழிக்கும் யோசனையும் முன்வைக்கப்பட்டது. அதனை எதிர்த்து மனுச்செய்தோருள் துணி உற்பத்தியாளர் முக்கியமானவர்கள். தம் சரக்கைக் கடைகளற்ற சிற்றூர்களுக்குக் கொண்டுசென்றவர் இவ்வணிகரே என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். ஒழிப்பு கைவிடப்பட்டது; உரிமக் கட்டணமோ உயர்த்தப்பட்டது. கடைவரி 1789இல் நீக்கப்பட்டது. கடைமுதலுக்கும் ஆலைமுதலுக்கும் இடையிலான இப்பிணக்கில் மூட்டை சுமந்தவனின் குரல் எடுபடவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது.

பழைய ஐயமும் முற்றாக மறையவில்லை. 1824ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் சட்டம், உரிமமின்றி விற்பவனைச் சோம்பேறிகளுடனும் ஒழுங்கற்றோருடனும் சேர்த்தது. 1871ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 17 வயதுக்கு மேற்பட்டவர் 5 சிலிங் செலுத்தி ஓராண்டுக்கான சான்றிதழைப் பெறலாம். ஆனால் அதை வழங்கியவர் அப்பகுதிப் பொலிஸ் தலைவர். விண்ணப்பதாரியின் நன்னடத்தையில் அவர் திருப்தியடைதல் வேண்டும். கடைக்காரனிடம் எவரும் கேளாத நற்சான்று இவனிடம் கேட்கப்பட்டது.

ஆங்கிலச் சட்ட மரபைப் பெற்ற இந்தியாவில், வீதிவணிகம் அரசியலமைப்பு வழங்கும் தொழில் உரிமையுள் அடங்கும் என்றும், அது நியாயமான கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டது என்றும் 1989இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2014ஆம் ஆண்டுச் சட்டம், நகர வணிகக் குழுக்களில் குறைந்தது 40 வீத இடங்களை வீதிவணிகருக்கே ஒதுக்கியது. அவற்றுள் மூன்றிலொரு பங்கு பெண்களுக்குரியது.

ஒழுங்குமுறை வேண்டுமா, வேண்டாமா என்பதன்று இங்கு எழும் வினா. வீதி பொதுவுடைமை, அதற்கு ஒழுங்கு அவசியமே. அவ்வொழுங்கை வகுக்கும் அவையில் வணிகனுக்கு இடமுண்டா என்பதே வினா. மூன்று நூற்றாண்டுகால ஆங்கிலச் சட்டங்கள் அவனைப் பற்றிப் பேசின, அவனோடு பேசவில்லை. உள்ளூராட்சி மன்றங்கள் வகுக்கும் துணைவிதிகளை எடைபோடுவதற்கும் இதனையே நாம் அளவுகோலாகக் கொள்ளல் தகும்.