ஐம்பத்து மூன்று பேர் பார்த்த ஆட்டம்

1974 டிசம்பரில் அமெரிக்காவின் டென்னசி பல்கலைக்கழகப் பெண்கள் கூடைப்பந்து அணி, அந்தப் பருவத்தின் முதல் ஆட்டத்தை ஆடியது. பார்க்க வந்தவர்கள் 53 பேர். எதிரணி மெர்சர் பல்கலைக்கழகம். 84க்கு 83 என்று ஒரே புள்ளியில் டென்னசி தோற்றது. தோற்ற அணியின் பயிற்சியாளருக்கு வயது 22. அவருக்கும் அதுதான் முதல் ஆட்டம். அணியில் மூத்த பெண்கள் சிலர் அவரைவிட ஒரு வயதுதான் இளையவர்கள்.

சம்பளம் மாதம் 250 டாலர். அந்தப் பணத்துக்கு அவர் ஆட்டம் கற்றுக்கொடுத்தார், வெளியூர் ஆட்டங்களுக்கு வேன் ஓட்டினார், திரும்பி வந்ததும் பெண்களின் சீருடைகளைத் துவைத்துப் போட்டார். அந்தச் சீருடைகளும் பல்கலைக்கழகப் பணத்தில் வந்தவை அல்ல. முந்தைய ஆண்டு டோனட் விற்றுச் சேர்த்த காசில் வாங்கியவை. ஒருமுறை வெளியூர் போன இடத்தில், எதிரணியின் உடற்பயிற்சிக் கூடத் தரையிலேயே எல்லோரும் படுத்து இரவைக் கழித்தார்கள். மறுநாள் அதே தரையில் ஆட்டம்.

அந்தப் பயிற்சியாளர் பாட் சம்மிட். அப்போது திருமணமாகவில்லை, பாட் ஹெட் என்று பெயர். 38 ஆண்டுகள் அதே பல்கலைக்கழகத்தில் அதே வேலையில் இருந்தார். 1,098 ஆட்டங்களில் வென்றார், 208இல் தோற்றார், தேசியப் பட்டத்தை எட்டு முறை வாங்கித் தந்தார். இந்த எண்களை எந்த விளையாட்டுக் கையேட்டிலும் பார்க்கலாம். ஆனால் சீருடை துவைத்த அந்த முதல் ஆண்டிலிருந்து பார்த்தால்தான், ஒன்றுமில்லாத இடத்தில் ஓர் அணியை எப்படிக் கட்டினார் என்பது புரியும்.

அவர் பிறந்தது 1952இல், டென்னசியின் கிளார்க்ஸ்வில் பகுதியில், ஒரு விவசாயக் குடும்பத்தில். மூன்று அண்ணன்கள், ஒரு தங்கை. வீட்டில் கூப்பிட்ட பெயர் டிரிஷ். புகையிலை வயலிலும் மாட்டுத் தொழுவத்திலும் அண்ணன்களோடு சமமாக வேலை. வேலை முடிந்த பிறகு வைக்கோல் பரணில் கூடைப்பந்து. தங்கை குட்டி என்று அண்ணன்கள் விட்டுக்கொடுக்கவில்லை, இடித்துத் தள்ளித்தான் ஆடினார்கள். அவள் மேல்நிலைப் பள்ளிக்குப் போகும் வயது வந்தபோது, அந்த வட்டாரத்துப் பள்ளியில் பெண்களுக்கு அணி இல்லை என்று தெரிந்தது. அப்பா ரிச்சர்ட் ஹெட் பாசத்தை வாய்விட்டுச் சொல்லும் மனிதர் அல்ல. ஆனால் மகள் ஆடவேண்டும் என்பதற்காக, பெண்கள் அணி உள்ள பக்கத்து மாவட்டத்துக்குக் குடும்பத்தோடு வீடு மாறினார். கண்டிப்பு மிகுந்த அந்தத் தந்தை மகளைக் கட்டியணைத்தது 1996இல், அவள் நான்காவது தேசியப் பட்டம் வென்ற அன்று. அப்போது அவளுக்கு 43 வயது.

அண்ணன்கள் விளையாட்டுக்காகக் கிடைத்த உதவித்தொகையில் கல்லூரி படித்தார்கள். மார்ட்டின் ஊரிலுள்ள டென்னசி பல்கலைக்கழகக் கிளையில் சேர்ந்த தங்கைக்கு அப்படி ஒன்று கிடையாது, பெற்றோர்தான் பணம் கட்டினார்கள். ஆட்டத்திறன் குறைவு என்பதால் அல்ல, பெண்களுக்கு அப்படி ஓர் ஏற்பாடே இல்லை என்பதால்.

அந்த நிலையை மாற்றத் தொடங்கியது 1972 ஜூன் 23 அன்று கையெழுத்தான ஒரு சட்டம். 'டைட்டில் நைன்' என்று அதைச் சொல்கிறார்கள். அரசின் நிதியைப் பெறும் எந்தக் கல்வித் திட்டத்திலும் ஆண், பெண் என்று பாகுபாடு காட்டக்கூடாது என்பதுதான் சாரம். மூல வாசகம் ஆங்கிலத்தில் 37 சொற்கள், அதில் விளையாட்டு என்ற சொல்லே கிடையாது. ஆனால் கல்லூரி விளையாட்டும் கல்வித் திட்டத்தின் ஒரு பகுதி என்பதால், அமெரிக்காவில் பெண்கள் விளையாட்டின் முகமே அந்தச் சட்டத்தால் மாறியது. சட்டம் வந்து இரண்டு ஆண்டுகள் கழித்து, நாக்ஸ்வில் நகரிலுள்ள தலைமை வளாகத்தில் உதவியாளராகச் சேரவந்தார் பாட். முதுகலைப் படிப்பையும் அங்கேயே முடிப்பது என்று திட்டம். அந்த நேரம் பார்த்து, அங்கிருந்த பயிற்சியாளர் மேற்படிப்புக்காக விடுப்பில் போனார். உதவியாளராக வரவேண்டியவர் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். அதற்கு முன் ஒரு ஆட்டத்துக்குக்கூட அவர் பயிற்சியாளராக இருந்ததில்லை.

அந்த ஆண்டு அவருடைய நாள் எப்படிப் போயிருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம். முதுகலை வகுப்பில் மாணவி, கல்லூரி வகுப்பில் ஆசிரியை, மாலையில் பயிற்சியாளர். இவை போதாதென்று, கல்லூரியின் கடைசி ஆண்டில் ஆடும்போது முழங்கால் தசைநார் கிழிந்துவிட்டிருந்ததால், அந்தக் காலைத் தேற்றுவதற்கான தனிப் பயிற்சி வேறு. இனி ஆடுவது கடினம் என்று மருத்துவர் சொன்னபோது, காலைச் சரிசெய்யுங்கள், இவள் ஒலிம்பிக் போகவேண்டியவள் என்று அப்பா சொல்லிவிட்டார். 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில்தான் பெண்கள் கூடைப்பந்து முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. அதில் பாட் ஆடினார், அணியின் இணைத் தலைவியாக வெள்ளிப் பதக்கம் பெற்றார். எட்டு ஆண்டுகள் கழித்து லாஸ் ஏஞ்சலஸில் அமெரிக்கப் பெண்கள் முதல் தங்கம் வென்றபோது, அவர்களின் பயிற்சியாளர் அவரே.

அவர் அணி கட்ட வந்த காலத்தின் இன்னொரு விஷயத்தையும் சொல்லியாகவேண்டும். டென்னசியின் பள்ளிகளில் பெண்கள் அப்போது ஆடியது ஐவர் கூடைப்பந்து அல்ல, அறுவர் கூடைப்பந்து. மூன்று பேர் ஒரு பாதியில் நின்று பந்தைக் கூடையில் போடுவார்கள். மூன்று பேர் மறுபாதியில் நின்று தடுப்பார்கள். நடுக்கோட்டை யாரும் தாண்டக்கூடாது. மைதானம் முழுக்க ஓடப் பெண்ணுக்கு உடம்பு தாங்காது என்ற பழைய எண்ணம்தான் இதன் வேர். தடுப்பாட்டக்காரி பள்ளிக்காலம் முழுக்க ஆடினாலும், ஆட்டத்தில் ஒருமுறைகூடப் பந்தைக் கூடைக்குள் எறிந்திருக்க மாட்டாள். ஐவர் ஆட்டம் ஆடும் கல்லூரியில் அவளுக்கு எங்கே இடம்? 1976இல் ஓக் ரிட்ஜ் ஊரைச் சேர்ந்த ஒரு தடுப்பாட்ட மாணவி இந்த விதியை எதிர்த்து வழக்குப் போட்டாள். கீழ் நீதிமன்றத்தில் வென்றாள், மறு ஆண்டு மேல்முறையீட்டில் தோற்றாள். விதி மாறவேண்டும் என்று பாட் வெளிப்படையாகவே பேசிவந்தார். 1979இல் டென்னசி ஐவர் ஆட்டத்துக்கு மாறியது. வேறு மாநிலங்கள் இதைவிடத் தாமதம். அயோவா 1993 வரை, ஓக்லஹோமா 1995 வரை அறுவர் ஆட்டத்தை வைத்திருந்தன.

பாட் நடத்திய முதல் உடற்தகுதிப் பயிற்சியில், ஓடச்சொன்ன பெண்களில் நான்கு பேர் ஓடிய வேகத்திலேயே கதவு வழியாக வெளியே போய்விட்டார்கள். திரும்பி வரவில்லை. இதைப் பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். கண்டிப்பு அவரிடம் குறையவே இல்லை. அவருடைய நீலக்கண் முறைப்புக்குத் தனிப் பெயரே உண்டு. ஆனால் அந்த முறைப்பை மட்டும் பேசிப் பேசி, அதைவிட முக்கியமான ஒன்றை விட்டுவிடுகிறோம்.

வகுப்பறையில் அவருடைய பெண்கள் முதல் மூன்று வரிசைக்குள் உட்காரவேண்டும். இது ஆலோசனை அல்ல, விதி. வகுப்புக்கு மட்டம் போட்டால் ஆட்டத்தில் இடம் கிடையாது. இப்படிப்பட்ட பன்னிரண்டு விதிகளை அவர் வகுத்து வைத்திருந்தார். உன்னையும் பிறரையும் மதி, பொறுப்பை முழுசாக ஏற்றுக்கொள், உனக்கு முன்னால் அணியை வை என்ற வகை. படிக்கும்போது பள்ளிச் சுவரில் எழுதிவைக்கிற வாசகங்கள்போல இருக்கும். மூன்றாம் வரிசைக்கு அப்பால் உட்கார்ந்தவளைக் கேள்வி கேட்கும்போதுதான் அவற்றுக்கு உயிர் வரும். இத்தனை கண்டிப்புக்கு நடுவில், தன்னை 'கோச்' என்று அழைக்கவேண்டாம் என்றும் சொல்லிவைத்திருந்தார். பெண்கள் அவரைப் பாட் என்றே கூப்பிட்டார்கள்.

கோப்பை உடனே வந்துவிடவில்லை. பெண்கள் கல்லூரி விளையாட்டை அப்போது நடத்தியது தனிச் சங்கம் ஒன்று. அதன் இறுதி ஆட்டத்தில் 1980இலும் 1981இலும் டென்னசி தோற்றது. 1982இல் தேசியக் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ. பெண்கள் போட்டியைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. அதன் 1984 இறுதியிலும் தோல்வி. கடைசிப் படி ஏறத் தெரியாதவர் என்ற பேச்சு கிளம்பியது. 1987 மார்ச்சில், அவருடைய பதின்மூன்றாவது பருவத்தில், லூசியானா டெக் அணியை 67க்கு 44 என்று வென்றபோதுதான் அந்தப் பேச்சு அடங்கியது. அதே ஆண்டு டிசம்பரில், நாக்ஸ்வில்லில் புதிதாகத் திறந்த தாம்சன் போலிங் அரங்கில் டெக்சஸ் அணியோடு ஆட்டம். வந்தவர்கள் 24,563 பேர். அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து அதுவரை பார்க்காத கூட்டம் அது. அன்று டென்னசி தோற்றுப்போனது. ஐம்பத்து மூன்று பேருக்கு முன்னால் தோற்றதற்கும் இதற்கும் நடுவே பதின்மூன்று ஆண்டுகள்.

ஆள் சேர்க்க அவர் அலைந்த அலைச்சலுக்கு ஒரு கதை போதும். 1990 செப்டம்பர். நிறைமாதக் கர்ப்பிணியான பாட், மிஷெல் மார்சினியாக் என்ற பள்ளி மாணவியை அணிக்கு அழைக்கச் சிறு விமானத்தில் பென்சில்வேனியாவுக்குப் போனார். அந்த வீட்டில் பேசிக்கொண்டிருக்கும்போதே வலி எடுத்துவிட்டது. திரும்பும் வழியில் விர்ஜீனியாவில் இறங்கிவிடலாம் என்று யோசனை வந்தபோது, பாட் முடியாது என்றார். அந்த ஆண்டு மார்ச்சில் விர்ஜீனியா அணிதான் டென்னசியைத் தேசியப் போட்டியிலிருந்து வெளியேற்றியது. இறுதிச் சுற்று தன் அணியின் ஊரான நாக்ஸ்வில்லில் நடக்க, அதில் ஆடமுடியாமல் போன வலி ஆறவே இல்லை. மகன் டைலர் டென்னசியில்தான் பிறந்தான். அந்த மாணவி முதலில் வேறு கல்லூரிக்குப் போய், பிறகு டென்னசிக்கே மாறி வந்து, 1996 இறுதிச் சுற்றின் சிறந்த வீராங்கனையானார்.

1996, 1997, 1998 என்று மூன்று ஆண்டும் கோப்பை. இதில் 1998 அணி 39 ஆட்டம் ஆடி 39லும் வென்றது. சமிக்கி ஹோல்ட்ஸ்கிளா, டமிகா கேட்சிங்ஸ், செமேகா ராண்டல் ஆடிய அந்த அணியைத்தான் எல்லோரும் கொண்டாடுகிறார்கள். ஆனால் பயிற்சியாளரின் உழைப்பு தெரிவது 1997 அணியிலே. பத்து ஆட்டம் தோற்ற பிறகு பட்டம் வென்ற அணி அது.

2005 மார்ச்சில் 880ஆவது வெற்றி வந்தது. ஆண்கள் பயிற்சியாளர் டீன் ஸ்மித்தின் சாதனையை அது தாண்டியது. டென்னசியின் ஆடுகளத்துக்குப் பாட் சம்மிட்டின் பெயரை வைத்தார்கள். மறு ஆண்டு அவருடைய ஊதியம் ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலரைக் கடந்தது. பெண்கள் கூடைப்பந்துப் பயிற்சியாளர் எவரும் அதற்கு முன் அந்தத் தொகையைத் தொட்டதில்லை.

ஆனால் இந்த உயர்வு பெண்களுக்கெல்லாம் வந்த உயர்வு அல்ல, அதை மறைப்பது நேர்மையாகாது. டைட்டில் நைன் வருவதற்கு முன் அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் அணிகளில் பத்தில் ஒன்பதுக்குப் பெண்களே பயிற்சியாளர்கள். பணமும் கூட்டமும் வந்ததும் ஆண்கள் அந்த வேலைக்கு வரத் தொடங்கினார்கள். இந்த நூற்றாண்டில் பெண் பயிற்சியாளர்களின் பங்கு பாதிக்கும் கீழே போய்விட்டது. சட்டத்தால் விளையாடும் பெண்களுக்கு வழி பிறந்தது. கற்றுக்கொடுக்கும் பெண்களின் இடமோ சுருங்கியது. தன்னிடம் ஆடிய ஹாலி வார்லிக்கை உதவிப் பயிற்சியாளராக்கி, பல ஆண்டு பக்கத்திலேயே வைத்திருந்து, கடைசியில் பொறுப்பையும் பாட் அவரிடமே விட்டுப்போனதை இந்தப் பின்னணியில் பார்க்கவேண்டும்.

2011 ஆகஸ்டில், 59ஆவது வயதில், தனக்கு இளவயது அல்சைமர் மறதிநோய் வந்திருப்பதாக அவரே அறிவித்தார். நோயோடு இன்னொரு பருவம் முழுக்கப் பக்கவரிசையில் உட்கார்ந்தார். அந்த அணி 27 ஆட்டங்களில் வென்றது. 2012 ஏப்ரலில் விலகினார். 2016 ஜூன் 28 அன்று, 64 வயதில் இறந்தார்.

அவருடைய மொத்த வெற்றிக் கணக்கை 2020 டிசம்பரில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பெண்கள் அணியின் பயிற்சியாளர் டாரா வான்டர்வீர் தாண்டினார். ஆனால் பாட்டின் அந்த 38 ஆண்டுகளில் வெற்றியைவிடத் தோல்வி கூடிய பருவம் ஒன்றுகூட இல்லை. டென்னசியில் ஆடும் தகுதிக் காலத்தை முழுவதுமாக முடித்த அவருடைய பெண்கள் அத்தனை பேரும் பட்டம் வாங்கிக்கொண்டுதான் போனார்கள்.