படுக்கையிலிருந்து எழுப்பிய மருத்துவர்



முதுமை என்றாலே ஓய்வு என்று நாம் பொருள் கொண்டுவிட்டோம். "நீங்கள் உட்காருங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று பெரியவர்களிடம் சொல்வதையே அன்பென எண்ணுகிறோம். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

பல்லாண்டுகள் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய என் தாயார், தமது 76ஆம் அகவையில் குளியலறையில் வழுக்கி விழுந்தார். தொடையெலும்பு முறிந்து அறுவைச் சிகிச்சை நடந்தது. நாள்தோறும் எழுப்பி நடக்க வைக்குமாறு இயன்முறை மருத்துவர் சொல்லி அனுப்பினார். ஆனால், வலியால் அம்மா முகம் சுளித்ததைக் கண்டதும் நான் பயிற்சியை நிறுத்திவிட்டேன். ஆறு வாரங்கள் கட்டிலிலேயே உணவூட்டினேன். ஏழாம் வாரத்தில் அவரால் தாமாக எழுந்து உட்காரவும் இயலவில்லை. என் இரக்கத்தின் மீது எனக்கே ஐயம் எழுந்தது. அதன் பிறகு தேடிப் படித்தபோது அறிந்த வரலாற்றையே இங்கு எழுதுகிறேன்.

முதியோர் மருத்துவத்தைக் குறிக்கும் 'ஜெரியாட்ரிக்ஸ்' என்னும் சொல்லை 1909இல் உருவாக்கியவர் நியூயார்க் மருத்துவர் இக்னாட்ஸ் நாஷர். சொல் பிறந்தாலும் முதியோரின் நிலை உடனே மாறிவிடவில்லை. பிரிட்டனில் ஏழையர் இல்லங்களைச் சார்ந்த மருத்துவக் கூடங்களில் எத்தனையோ முதியோர், 'தீரா நோயாளர்' என்ற பெயரோடு ஆண்டுக்கணக்கில் படுத்துக் கிடந்தனர்.

1935ஆம் ஆண்டு, இலண்டனின் மேற்கே இருந்த வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனை, அருகிலிருந்த அத்தகைய கூடத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. அங்கிருந்த 714 நோயாளரின் பொறுப்பு மார்ஜரி வாரன் என்ற பெண் மருத்துவருக்கு வந்தது. அவர் ஒவ்வொருவரையும் தனித்தனியே சோதித்தார். யாருக்கு என்ன நோய், யாரால் என்ன செய்ய முடியும் என்று வகைப்படுத்தினார். நோயாளர் கூடங்களில் வெளிச்சத்தைக் கூட்டினார். பிடித்து நடக்கக் கைப்பிடிகள் பொருத்தச் செய்தார். இயன்முறைப் பயிற்சியையும் அன்றாடச் செயல்களுக்கான பயிற்சியையும் மருத்துவத்தின் பகுதியாக்கினார். இனி எழவே மாட்டார்கள் என்று கைவிடப்பட்ட பலர் எழுந்து நடந்து வீடு திரும்பினர். 1943லும் 1946லும் மருத்துவ இதழ்களில் அவர் எழுதிய கட்டுரைகள் பிரிட்டனில் முதியோர் மருத்துவம் தனித்துறையாக வளர வழிவகுத்தன.

1947இல் ரிச்சர்ட் ஆஷர் என்னும் இலண்டன் மருத்துவர், படுக்கையின் கேடுகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அசையாமல் கிடந்தால் தசை மெலியும், மூட்டு இறுகும், எலும்பு வலுவிழக்கும், இரத்தம் உறையும், நுரையீரலில் சளி தேங்கும், தோலில் புண் வரும் என்று உறுப்பு உறுப்பாக அவர் விளக்கினார். அதைப் படித்தபோது அம்மாவின் முதுகில் தோன்றியிருந்த சிவந்த தடிப்பே என் கண்முன் நின்றது.

'இந்த வயதில் பயிற்சி எதற்கு?' என்று கேட்போருக்கும் விடை உண்டு. 1990இல் பாஸ்டனில் மரியா ஃபியாதரோன் குழுவினர், முதியோர் இல்லத்தில் வாழ்ந்த, 90 அகவையை ஒட்டிய 10 பேருக்கு எட்டு வாரங்கள் கால்களுக்கான எடைப்பயிற்சி அளித்தனர். பயிற்சியை முடித்த 9 பேரின் கால்வலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடியது. நியூசிலாந்தில் 80 அகவையும் அதற்கு மேலும் ஆன 233 பெண்களிடம் நடந்த ஆய்வு 1997இல் வெளிவந்தது. அவர்களுள் பாதிப்பேர் இயன்முறை மருத்துவர் கற்பித்த பயிற்சியை வீட்டிலேயே செய்தனர். ஓராண்டில் அவர்கள் விழுந்தது 88 முறை. பயிற்சி இல்லாதோர் விழுந்தது 152 முறை.

எந்தப் பயிற்சியையும் நாமாகத் தொடங்கிவிடக் கூடாது. எலும்பு, இதயம் ஆகியவற்றின் நிலையறிந்து மருத்துவர்தான் அளவு சொல்ல வேண்டும். சொன்ன பின் அதைத் தடுக்காமல் இருப்பது நம் கடமை.

அம்மாவுக்கு மீண்டும் பயிற்சி தொடங்கினோம். முதல் நாள் பத்து நொடிகள் நின்றார். நான்கு மாதங்களுக்குப் பின் நடைச்சட்டத்தைப் பிடித்து வாசலிலுள்ள கறிவேப்பிலை மரம்வரை நடந்தார். முன்போல் தனியே கடைக்குச் செல்லும் வலிமை மட்டும் திரும்பவில்லை. நான் வீணாக்கிய ஆறு வாரங்களின் விலை அது.

உங்கள் வீட்டிலும் ஒரு பெரியவர் இருப்பார். அவர் எழ முயலும்போது "உட்காருங்கள்" என்று சொல்லாதீர்கள். அருகில் நின்று கைகொடுங்கள்.