உப்புக்கண்டமும் மம்மியும்

வருசநாட்டு மலையோரச் சிறுவர்களுக்கு உப்புக்கண்டம் புதியதன்று. உப்பும் மஞ்சளும் தடவி வெயிலில் காயவைத்த இறைச்சி பல நாட்கள் கெடுவதில்லை. காரணம் என்ன? அழுகச் செய்யும் நுண்ணுயிர்களுக்கு நீர் தேவை. உப்பு அந்நீரை வெளியே இழுத்துவிடுகிறது.

பண்டைய எகிப்தியர் மன்னர்களின் உடல்களைப் பாதுகாத்ததும் இவ்வழியில்தான். நுரையீரல், ஈரல், இரைப்பை, குடல் ஆகியவற்றை நீக்கினர். இதயத்தை உள்ளேயே விட்டனர். பின்னர் 'நேட்ரான்' என்னும் இயற்கை உப்பில் சுமார் 40 நாட்கள் உடலை மூடிவைத்தனர். சோடியம் கார்பனேட்டும் சோடியம் பைகார்பனேட்டும் அதன் முக்கியப் பொருள்கள். உலர்ந்த உடலைத் துணிப்பட்டைகளால் சுற்றினர்.

கி.மு. 1213இல் இறந்த இரண்டாம் ராம்சேஸ் மன்னனின் மம்மியில், மூக்கினுள் மிளகு மணிகள் காணப்பட்டன. மிளகுக் கொடியின் தாயகம் நம் மேற்குத் தொடர்ச்சி மலை! 3,200 ஆண்டுகளுக்கு முன்பே நம் மலைச்சரக்கு நைல் நதிக்கரையை எட்டியிருக்கிறது.

நீங்களும் குழந்தைகளுடன் ஒரு மம்மி செய்து பாருங்கள். சம எடையுள்ள இரு வெள்ளரித் துண்டுகளை எடுங்கள். ஒன்றை மூடிய கிண்ணத்தில் வையுங்கள். மற்றதை உப்பும் ஆப்ப சோடாவும் சம அளவு கலந்த தூளில் புதையுங்கள். தூள் ஈரமானால் மாற்றுங்கள். ஒரு வாரம் கழித்து இரண்டையும் நிறுத்துப் பாருங்கள். முதல் துண்டு அழுகியிருக்கும். இரண்டாவது எடை குறைந்து சுருங்கியிருக்கும். அதைப் பழைய வேட்டிக் கிழிசலால் சுற்றினால் மம்மி தயார். தின்னக் கூடாது என்பதைக் குழந்தைகளுக்குச் சொல்லிவிடுங்கள்.

மம்மியைக் காத்தது மந்திரமன்று. நம் அடுக்களை அறிந்த அறிவியலே.