மண் வயனமும் ரகமும்

எந்தக் கிராமத்தின் 'அ' பதிவேட்டையும் எடுத்துப் பாருங்கள். புல எண், நன்செய்யா புன்செய்யா, பாசன ஆதாரம் என்று போகும் பத்திகளுக்கு நடுவே 'மண் வயனமும் ரகமும்' என்றொரு பத்தி. அடுத்து 'மண் தரம்'. அதற்கடுத்து 'தீர்வை'. மண்ணறிவு வரியாக மாறிய வரலாறு இந்த மூன்று பத்திகளில் இருக்கிறது.

இதை ஆங்கிலேயர் தொடங்கிவைக்கவில்லை. சோழர் கல்வெட்டுகளிலேயே 'தரம்' உண்டு. தரம் பிரிக்கப்படாத நிலம் 'தரமிலி'. 1792இல் பாராமகால் கும்பினியின் கைக்கு வந்ததும் அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் அங்கே நிலத்தை அளந்து தீர்வை விதித்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் சென்னை மாகாண நிலவரித் திட்டம் மண்ணைக் கரிசல், செவ்வல், மணல் என்று பிரித்தது. ஒவ்வொன்றிலும் களி எவ்வளவு, மணல் எவ்வளவு என்று பார்த்துத் தரம் குறித்தது. மண்ணியல் நூல்கள் கரிசலுக்குச் சொல்லும் 'ரெகூர்' தெலுங்கு உழவர்களின் 'ரேகடி'தான்.

ஆக, உழவர் சொல் ஏட்டில் ஏறியது. யார் வாயிலிருந்து? கர்ணம், மணியக்காரர், பட்டாதாரர். பெரும்பாலும் ஆண்கள்.

நடவுக்குக் குனிந்த பெண்ணுக்கு, ஒரே புல எண்ணுக்குள் எந்த மூலையில் கால் புதையும், எங்கே வெயிலில் உப்புப் பூக்கும், எந்த வரப்போரம் கோரை விடாது என்பதெல்லாம் தெரியும். கோடையில் ஏரி வண்டலைக் கூடையில் சுமந்து வயலில் கொட்டியதும் அவள்தான். பதிவேட்டில் அந்த வயல் முழுவதும் ஒரே ரகம்.

1976இல் ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் நில மதிப்பீட்டுக்கு ஒரு சட்டகத்தை வெளியிட்டது. நிலம் எவ்வளவு வரி தாங்கும் என்று அது கேட்கவில்லை. எந்தப் பயன்பாட்டுக்கு ஏற்றது என்று கேட்டது. தருமபுரிப் பக்கம் என் அம்மா வயலில் நின்று தினமும் கேட்டுக்கொண்ட கேள்விதான் அது. "அந்த மேட்டுல நெல்லு ஆவாது, கேவுரு போடலாம்" என்பாள். பட்டா அப்பா பெயரில் இருந்தது.

2015இல் வந்த மண்வள அட்டை 12 அளவுகளைச் சொல்கிறது. பாசன நிலத்தில் 2.5 ஹெக்டேருக்கு ஒரு மாதிரி, மானாவாரியில் 10 ஹெக்டேருக்கு ஒன்று. அம்மாவின் மேடு அந்தக் கட்டத்துக்குள் காணாமல் போய்விடும். 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் நிலத்தைக் கையாள்வோராகப் பதிவானவர்களில் பெண்கள் 100க்குச் சுமார் 14 பேர்தான்.

உழவர் அறிவையும் அறிவியலையும் இணைக்க வேண்டும் என்று கருத்தரங்குகளில் பேசுகிறோம். மாதிரி எடுக்க வருகிறவர் பட்டாவைப் பார்ப்பதற்கு முன் களையெடுக்கும் பெண்களைக் கேட்கட்டும். அவர்கள் காட்டும் மூலையில் தனியாக ஒரு மாதிரி எடுக்கட்டும். அவர்கள் சொல்லும் பெயரையே அட்டையில் எழுதட்டும்.